புல் தடுக்கிப் பயில்வான்

‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்’ என்று சொல்லிவைத்தவர் யாராக இருந்தாலும் சரி, அவர் திருமுல்லைவாயிலில் வீடு கட்டி, வாசலில் 20-க்கு 15 அடி காலி இடம் விட்டவராக இருக்க முடியாது. அடியேன் விட்டேன். விளைவு, எங்கள் வீட்டில் சில வருஷம் புல்தான் புருஷன். நான் இ.எம்.ஐ. கட்டுகிற ஆசாமி, அவ்வளவே.

2022-ல் கிரகப்பிரவேசம். வந்தவர்கள் ஹால் நன்றாக இருக்கிறது, பூஜை ரூம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையில் பாயசக் கப்போடு வெளியே வந்து, அந்தக் காலி இடத்தைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“இங்கே என்ன பண்ணப் போறீங்க?”

“சும்மா விட்டுடலாம்னு...” என்று நான் ஆரம்பித்தேன்.

“லான் போடப் போறோம்” என்று முடித்தாள் என் சகதர்மிணி. எனக்கே அப்போதுதான் தெரியும்!

வீட்டில் மூன்றாவது ஓட்டு அப்பாவுடையது. ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் 38 வருஷம் உழைத்து 2012-ல் ரிடையர் ஆனவர். அவருடைய சொத்து மூன்று. பென்ஷன், ஒரு பழைய ஹாக்கி மட்டை, இருபது வருஷத்துச் சர்க்கரை வியாதி.

“எதுக்குடா புல்லு? மண்ணா விடு. சாயங்காலம் நாலு சொம்பு தண்ணி தெளிச்சா ஜில்லுனு இருக்கும்” என்றார்.

தீர்மானம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. நான் எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்று கேட்க மாட்டீர்களே? நீங்களும் கல்யாணம் ஆனவர்தானே! (ஆகாதவர்கள் இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளவும்.)

பூந்தமல்லி பக்கம் ஒரு நர்சரிக்குப் போனோம். “சார், மூணு ஐட்டம் இருக்கு. மெக்ஸிகன், கொரியன், பெர்முடா” என்றார் கடைக்காரர், உலகக் கோப்பை குரூப் அறிவிக்கிற தோரணையில். பெர்முடா என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை போடுகிற அரை டிராயர்தான் ஞாபகம் வந்தது. அதைப் போய் வாசலில் விரிப்பானேன் என்று மெக்ஸிகனைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தப்புக்குப் பின்னால் வருகிறேன்.

2023 ஜனவரியில் மினி லாரியில் மெக்ஸிகோ வந்து இறங்கியது. கல் பொறுக்கி, செம்மண் கொட்டி, தொழு உரம் போட்டு, துண்டு துண்டாகப் பதித்து, உருளையால் அழுத்திவிட்டுப் போனார்கள். பொங்கலுக்குப் பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருந்தது. காலையில் பனி படிந்த புல்லில் அப்பா வெறுங்காலோடு நடந்தார். எதிர்த்தவரே நடந்ததில் எங்களுக்குப் பெருமை. ஆபீஸில் நான் ‘எங்க லான்ல உட்கார்ந்து காபி சாப்பிடும்போது...’ என்று வாக்கியங்களை ஆரம்பிக்கத் தொடங்கினேன். இரண்டு நண்பர்களை அந்த வகையில் இழந்தேன்.

இந்த லான் என்கிற சமாசாரமே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அவன் ஊரில் அது வளர்வதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. சென்னையில் சுமார் 1,400. இரண்டு மடங்குக்கு மேல்! அப்படியானால் நம் ஊரில் புல் பிய்த்துக்கொண்டு வளர வேண்டாமோ? அங்கேதான் கோளாறு. லண்டன் மழை, மாமியார் வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரி வருஷம் பூராவும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். நம் மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்து ஏரியை உடைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் புல்லுக்கு யார் ஊற்றுவது? நான்தான் ஊற்றினேன்.

மார்ச் மாதம் ஒரு ராத்திரி, மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி கணக்குப் போட்டேன். நீங்களும் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் பச்சையாக நிற்கிற புல், நாளைக்குச் சுமார் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் குடித்து ஆவியாக விடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சரியாக ஒரு லிட்டர். என் லான் 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர். பெருக்கினால் நாளைக்குக் கிட்டத்தட்ட 150 லிட்டர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். ஆகப் பத்துக் குடம். எங்கள் வீட்டில் மூன்று பேரும் குளித்து, குடித்து, சமைப்பதற்கே அவ்வளவு ஆகாத நாட்கள் உண்டு!

2019-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் கிட்டத்தட்டக் காய்ந்துபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே? ஜூலை 12-ம் தேதி முதல் ரயில். ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். அது அரக்கோணம், ஆவடி, எங்கள் திருமுல்லைவாயில், அம்பத்தூர் எல்லாம் தாண்டித்தான் வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. தண்ணீருக்கு மாலை போட்டு வரவேற்ற ஊர் நம்முடையது. (நாலு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், அதே செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீரைப் பார்த்து மாடிக்கு ஓடிய ஊரும் நம்முடையதுதான்.) அந்த ரயில் தண்ணீர் மொத்தத்தையும் என் லான் மாதிரி லான்களுக்கு விட்டிருந்தால் பதினாறாயிரம் சொச்சம் வீட்டுக்கு ஒரு நாள் பச்சை. ஒரே ஒரு நாள்.

கணக்குப் போட்டேனே தவிர, மோட்டாரை நிறுத்தவில்லை. போட்ட காசு கண்ணை மறைத்தது. ஏப்ரலில் மெக்ஸிகோ மஞ்சளடித்தது. போர் தண்ணீரில் உப்பு. நடுநடுவே கோரை முளைத்தது. பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே இருக்கும், மறுநாள் தம்பியோடு வரும். கேட் திறந்திருந்த ஒரு மத்தியானம் தெரு மாடு ஒன்று உள்ளே வந்து, என் ஒரு மாதச் சம்பளத்தின் ஓரத்தை நிதானமாக மென்றது.

மாட்டை மன்னித்தேன். எதிர்வீட்டு அக்கா சொன்னதுதான் சுருக்கென்றது. நல்ல மனுஷி. சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. சாயங்காலம் நான் ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட் ஓரம் வந்து நின்றார்.

“புல்லு அழகா இருக்கு தம்பி.”

“தேங்க்ஸ்க்கா.”

“எங்க வீட்ல நாலு நாளா குழாயைத் திறந்தா காத்துதான் வருது. அவரு இன்னும் நாப்பது அடி இறக்கணுங்கறாரு. உங்க போர்ல தண்ணி எப்பிடி இருக்கு?”

கையில் ஹோஸ். ஹோஸில் தண்ணீர். என்ன பதில் சொல்வீர்கள்? பூமிக்கடியில் காம்பவுண்டு சுவர் கிடையாது. நான் இங்கே உறிஞ்சினால் அங்கேதான் காற்று வரும். அன்று ராத்திரி ஹோஸைச் சுருட்டி வைத்தவன்தான். பத்து நாளில் மெக்ஸிகோ சருகாகிவிட்டது.

உலகத்தில் நான் மட்டும்தான் இந்தப் பாவத்தைச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் என்று ஒரு சூதாட்ட ஊர், பாலைவனத்தின் நட்டநடுவே இருக்கிறது. அங்கேயும் வீதியெல்லாம் லான் போட்டு, கொலராடோ நதியை உறிஞ்சித் தீர்த்தார்கள். கடைசியில் 2021-ல் நெவாடா மாநிலம் சட்டமே போட்டது. ரோட்டோரம், ஆபீஸ் வாசல் என்று யாரும் காலே வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் அந்த நதித் தண்ணீர் கிடையாது. வீட்டு லானுக்கு விதிவிலக்கு. அங்கேயும் சகதர்மிணிகள் இருக்கிறார்கள் போலும்.

அடுத்த தை வரை வாசலில் சருகும் கோரையுமாகக் கிடந்தது. 2024 பிப்ரவரியில், “ஆர்ட்டிஃபிஷியல் போட்டுடலாங்க. தண்ணியே வேண்டாம். வெட்ட வேண்டாம். மாடு திங்காது” என்றாள் சகதர்மிணி. மூன்று பாயிண்ட்டும் மறுக்க முடியாதவை.

அப்பாவுக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. “பிளாஸ்டிக் புல்லா? என் வீட்லயா?”

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. அப்பா வாலிபத்தில் டிபார்ட்மென்ட் டீமில் ரைட் அவுட். அவர் ஆடிய கிரவுண்டில் புல்லும் கிடையாது, சரளைதான். விழுந்து எழுந்தால் முட்டியில் ஜல்லி பொறுக்கலாம். 1975-ல் கோலாலம்பூரில் இந்தியா ஹாக்கி உலகக் கோப்பையை ஜெயித்தபோது ஷாப் ஃப்ளோரில் மிட்டாய் கொடுத்தாராம். அடுத்த வருஷமே மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸ். முதல் தடவையாகச் செயற்கைப் புல்லில் ஒலிம்பிக் ஹாக்கி. 1928-லிருந்து எந்த ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா, ஏழாவது இடம். பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு வளைத்து நெளித்துப் போகிற நம் வித்தை, வழவழவென்று ஓடுகிற தரையில் எடுபடவில்லை. ஓடத் தெரிந்தவன், ஓங்கி அடிக்கத் தெரிந்தவன் ராஜ்யம்.

“நம்மளைத் தோக்கடிச்சது மனுஷன் இல்லடா, பிளாஸ்டிக்” என்பது அப்பாவின் சித்தாந்தம்.

“அப்பா, 1980 மாஸ்கோவிலயும் செயற்கைத் தரைதான். நம்ம பாஸ்கரன் கேப்டனா இருந்து தங்கம் வாங்கலையா?”

“அப்ப பாதி நாடு வரவே இல்ல” என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆனால் அவரே 1996-ல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்கு என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார், சாம்பியன்ஸ் டிராபி பார்க்க. அதுவும் செயற்கைத் தரைதான். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் நாலு பக்கமிருந்தும் பீரங்கி மாதிரி தண்ணீரைப் பீய்ச்சினார்கள். “பிளாஸ்டிக்குக்கு எதுக்குப்பா தண்ணி?” என்று கேட்டேன். “அதுக்கும் தாகம் எடுக்கும்டா” என்றார். நனைத்தால்தான் பந்து சீராக ஓடும், விழுந்தவனுக்குத் தோல் உரியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான லிட்டர். இந்தத் தண்ணீர்ச் செலவைக் குறைக்கத்தான் இப்போது புது ரகத் தரை வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் அதே எழும்பூரில் இந்தியா மலேசியாவை 4-3 என்று ஜெயித்து ஆசிய சாம்பியன்ஸ் டிராபி வாங்கியதே, அது அந்த மாதிரி புதுத் தரையில்தான். அப்பா டி.வி. முன்னால் எழுந்து நின்று கைதட்டினார். சித்தாந்தம் வேறு, கோல் வேறு.

சரி, இந்தப் பிளாஸ்டிக் புல்லை முதலில் எவன் போட்டான் என்று பார்த்தால், அது ஒரு நல்ல காமெடி டிராக். 1965-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் மேற்கூரையோடு ஒரு பிரம்மாண்டமான பேஸ்பால் ஸ்டேடியம் கட்டினார்கள். பெயர் ஆஸ்ட்ரோடோம். உள்ளே நிஜப் புல். வெயில் வேண்டுமே என்று கூரையில் ஒளி புகும் பலகைகள். டிஃப்வே 419 என்று விசேஷமான ஒரு பெர்முடா ஒட்டு ரகம். எல்லாம் ஜோர். மேட்ச் ஆரம்பித்ததும் ஆட்டக்காரர்கள் அலறினார்கள். கூரைக் கூச்சத்தில் மேலே போன பந்து கண்ணுக்குத் தெரியவில்லை, மண்டையில் விழுகிறது! உடனே கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது. புல் செத்தது. சீசன் பாதியில் என்ன செய்வது? செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து ஆடி முடித்தார்கள். சத்தியமாக நடந்தது! நம் ஊரில் மந்திரி வருகிறார் என்றால் செய்கிற வேலையை அவர்கள் அப்போதே செய்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் மான்சாண்டோ கம்பெனியின் செயற்கைப் புல் வந்து இறங்கியது. ஸ்டேடியத்தின் பெயரையே சேர்த்து ‘ஆஸ்ட்ரோ டர்ஃப்’ ஆகிவிட்டது.

அதாவது செயற்கைப் புல் புகழ் பெற்றது வெயில் இல்லாத இடத்தில். இந்த ஒரு வரியை நான் அப்போதே அடிக்கோடு போட்டுப் படித்திருக்க வேண்டும்.

ஒரே நாளில் விரித்துவிட்டார்கள். பாய் மாதிரி ரோல். கீழே சிமென்ட் தளம், மேலே பசை, அவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு அக்கா குனிந்து தடவிப் பார்த்து, “நிஜம் மாதிரியே இருக்கு தம்பி” என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும்தான். மார்ச் வரை எல்லாம் சுகம். குழந்தைகள் உருண்டன. ராத்திரி எட்டு மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கல்யாண வரவேற்பு மாதிரி இருந்தது.

நீங்கள் அம்பத்தூர், போரூர், பூந்தமல்லிப் பக்கம் ஆபீஸ் முடிந்து ‘டர்ஃப்’ புக் பண்ணி கிரிக்கெட் ஆடுகிறவரா? அப்படியென்றால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வலை கட்டி விளக்குப் போட்ட அந்த மைதானங்களில் சாயங்காலம் ஆறிலிருந்து நடுராத்திரி வரை இடம் கிடைக்காது. மே மாத மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், காக்கா கூட இருக்காது. நானும் மாதம் இரண்டு தடவை ஆடுகிறவன்தான். ஏன் காக்கா இல்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மே மாதம், அக்னி நட்சத்திரம். சகதர்மிணி பழைய வேட்டியைப் பிளாஸ்டிக் புல்லின் மேல் விரித்துக் கூழ் வடாம் பிழிந்தாள். மாடிக்கு ஏற வேண்டாமே! இரண்டு நாளில் காய வேண்டிய வடாம் ஒரே நாளில் கலகலத்தது. “பாத்தீங்களா, பிளாஸ்டிக் புல்லோட நாலாவது பாயிண்ட்டு” என்றாள். அந்த வடாம் எங்களுக்கு ஒரு தகவல் சொல்லியிருக்கிறது. நாங்கள் பொரித்துச் சாப்பிட்டுவிட்டோம்.

மூன்றாம் நாள் பதினொன்றரை மணி. நான் ஆபீஸில். வேட்டியில் காக்கா உட்கார்ந்ததாம். அப்பா வெறுங்காலோடு இறங்கி விரட்டியிருக்கிறார். விரட்டினவர், சரி வந்ததுதான் வந்தோம் என்று, காய்ந்த வடாமையெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்த்து எடுத்திருக்கிறார். பத்து நிமிஷம். உங்களையும் என்னையும் அங்கே நிறுத்தினால் பத்து செகண்டில் பரதநாட்டியம் ஆடியிருப்போம். அப்பா ஆடவில்லை. இருபது வருஷச் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப்போயிருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை.

சாயங்காலம் மொசைக் தரையில் ஈரத் தடம் தெரிந்திருக்கிறது. காலில் தண்ணீர் பட்டதாக்கும் என்று துடைத்த சகதர்மிணி, அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். “என்னங்க, மாமா கால்...” அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

இரண்டு பாதத்திலும் கொப்புளம். வலது கட்டைவிரலுக்குக் கீழே உடைந்து தோல் வழண்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “அடுப்பு மேல ஏதாவது நின்னாரா?” என்று கேட்டார். புல் மேல் நின்றார் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், சர்க்கரைக் காலில் புண் ஆறுவது கடினம், ஆறாமல் உள்ளே போனால் விரலை எடுக்கவேண்டிவரலாம் என்று மெதுவான குரலில் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு. ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் ஒவ்வொரு தடவை பஞ்சைப் பிரிக்கும்போதும் நான் பார்த்தது டாக்டரின் கையை அல்ல, முகத்தை.

அப்பா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கோபத்தில் எங்கள் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டிலிருந்து, பாய்லர் குழாயின் சூடு பார்க்கிற துப்பாக்கியை ஒரு சனிக்கிழமை கடன் வாங்கி வந்தேன். மத்தியானம் ஒரு மணி. தெருத் தார் ரோடு 57 டிகிரி செல்சியஸ். எதிர்வீட்டு வேப்பமரத்தடி மண் 36. என் பச்சைப் புல்வெளி? 69! மூன்று தடவை சுட்டுப் பார்த்தேன். தார் ரோடு தேவலை!

இது என் துப்பாக்கியின் கோளாறு அல்ல. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-ல், செயற்கைப் புல் மைதானத்தில் ஆடிய பயிற்சியாளர் ஒருவருக்கு ஷூவையும் மீறிக் காலில் கொப்புளம் வந்ததை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். காற்று 98 டிகிரி பாரன்ஹீட் இருந்த நாளில் அந்தத் தரை 200 டிகிரி வரை போயிருக்கிறது. செல்சியஸில் 93. இன்னும் ஏழு டிகிரி ஏறினால் அதன்மேல் காபிக்குத் தண்ணீர் கொதிக்கும்.

காரணம் ரொம்ப எளிது. நிஜப் புல்லுக்கு வேர்க்கும். நான் ஊற்றிய அந்தப் பத்துக் குடமும் வீண் போகவில்லை, அது இலை வழியாக ஆவியாகி வாசலையே குளிர வைத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்குக்கு வேர்க்காது. வாங்கிய வெயிலை அப்படியே வைத்துக்கொண்டு, காலை வைத்தவனுக்குக் கொடுக்கும். ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். மடமடவென்று இறங்கியது. இருபதே நிமிஷத்தில் மறுபடி ஏறிவிட்டது. ‘அதுக்கும் தாகம் எடுக்கும்டா’ என்று 1996-லேயே எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு கத்தி வைத்து அறுத்துச் சுருட்டிவிட்டேன். சகதர்மிணியே ஒரு முனையைப் பிடித்தாள். இப்போது அடுத்த சிக்கல். எங்கே போடுவது? பழைய பேப்பர்க்காரர் தூக்கிப் பார்த்து, “இது பிளாஸ்டிக்கும் இல்ல, ரப்பரும் இல்ல சார், ரெண்டும் சேர்த்து ஒட்டிவெச்சிருக்கான். எவனும் எடுக்க மாட்டான்” என்றார். குப்பை வண்டியில், “இம்மாம் பெருசா?” என்றார்கள். வெயிலில் இற்றுப்போன இழைகள் அதற்குள்ளேயே உதிர ஆரம்பித்திருந்தன. மழை வந்தால் கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி. ஐரோப்பாவில் இந்த மைதானங்களில் தூவுகிற ரப்பர்ப் பொடியை 2031-க்கு அப்புறம் விற்கக்கூடாது என்று 2023-ல் விதியே வந்துவிட்டது. என் ரோலுக்கு விதி எதுவும் இல்லாததால், பாதியை நிழல் விழுகிற பின்பக்க பால்கனியில் விரித்தோம். நேர்மையாகச் சொன்னால், அங்கே அது நன்றாகத்தான் இருக்கிறது. மீதிப் பாதி தெருமுனை டீக்கடை பெஞ்சுக்கு மெத்தையாகிவிட்டது. மாஸ்டர் தினம் நன்றி சொல்கிறார்.

சிமென்ட் தளத்தை உடைத்து அள்ள இரண்டு ஆள் கூலி. வாசல் மறுபடியும் மண். 2022-ல் அப்பா சொன்ன அதே மண். செலவு மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

ஆகஸ்டில் இரண்டு மழை பெய்தது. ஒரு காலை அப்பா கூப்பிட்டார். காலில் எம்.சி.ஆர். செருப்பு. இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே அதைக் கழற்றுவதில்லை. கேட் ஓரம் குனிந்து கையை நீட்டினார். மெல்லிசாக, கணுக்கணுவாக, தரையோடு தரையாக ஓடியிருந்தது ஒரு பச்சை.

“அருகம்புல்டா. நீ போட்டது இல்ல. தானா வந்தது.”

நர்சரிக்காரரிடம் ஒரு கொத்தைக் கொண்டுபோய்க் காட்டி, இதை வாசல் பூராவும் பரவவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “சார், நான் அன்னிக்கு பெர்முடானு சொன்னேனே, அது இதான்.”

அரை டிராயர் என்று நான் ஒதுக்கியது பிள்ளையார் தலையில் வைக்கிற அருகம்புல்லை! தாவரவியல் பெயர் சினோடான் டாக்டிலான். பெர்முடா தீவுக்கும் அதற்கும் பூர்விக சம்பந்தம் கிடையாது. ஹூஸ்டன் கூரைக்கடியில் வெயில் இல்லாமல் செத்துப் பிளாஸ்டிக்குக்கு வழிவிட்டதே, அதுவும் இதன் ஒட்டு வாரிசுதான். வெயில் இல்லாவிட்டால்தான் சாகும். வெயில் இருந்து தண்ணீர் இல்லாவிட்டால் சாகாது. மேலே காய்ந்து பழுப்பாகி, பூமிக்குள் தண்டை வைத்துக்கொண்டு தூங்கும். மழை வந்ததும் எழுந்துவிடும். மே மாதம் பச்சையாக இருக்காது என்பது ஒன்றுதான் அதன்மேல் சொல்லக்கூடிய புகார்.

“மே மாசம் வாசல் பழுப்பா இருந்தா பரவாயில்லையா?” என்று சகதர்மிணியைக் கேட்டேன்.

“மே மாசம் நீங்களுந்தான் பழுப்பா இருக்கீங்க” என்றாள்.

ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறோம். பாத்திரம் கழுவின தண்ணீர் அதற்கு. 2025 கோடையில் புல் முழுக்கக் காய்ந்து, தெருவில் போனவர்கள் ‘என்ன சார், லான் போச்சா?’ என்று துக்கம் விசாரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மழை விழுந்த பத்தாம் நாள் பதிலை அதுவே சொல்லிவிட்டது.

இப்போது மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்கு எதிர்வீட்டு அக்கா ஒரு தாம்பாளத்தோடு வருகிறார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, எந்த இடத்தில் கிள்ளலாம் என்று ஹாக்கி மட்டையால் சுட்டிக் காட்டுகிறார். போன தடவை தாம்பாளம் நிறையப் பறித்துக்கொண்டு, கிளம்பும்போது அக்கா கேட்டார்.

“ஏன் தம்பி, மாடி சும்மாதானே கிடக்கு? அங்க என்ன பண்ணப் போறீங்க?”

உள்ளேயிருந்து சகதர்மிணி வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது. நான் அவசரமாக ஆபீஸுக்குக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்பது அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது.